கூரையில் சோலார் பேனல்: முதலீடா, முன்பணமா?

மாடிவெயில்:
வணக்கம். வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் போடலாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து கூரையை அளந்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் தொகையைச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு விலை சொல்லிப் பேச்சு திசைமாறிவிடும். ஒரு நாளைக்கு 20 யூனிட் உற்பத்தி, ஆண்டுக்கு 14 மிச்சம், ஏழே ஆண்டில் போட்ட காசு கைக்கு வந்துவிடும், அப்புறம் 18 ஆண்டு மின்சாரம் இலவசம் என்றார். "வருடத்துக்கு 14 சதவீத வருமானம், எந்த வங்கி தரும் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மனைவிதான், "வங்கியில் போட்டால் வட்டியும் வரும், கடைசியில் அந்த 100-ம் திரும்ப வரும். இதில் 25 ஆண்டு கழித்து 100 வருமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு வாரன்டி பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
உங்கள் வீட்டம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அவரிடமே பேப்பரையும் பேனாவையும் கொடுத்திருக்கலாம்.

பேனல் என்பது தேய்ந்துகொண்டே போகும் பொருள். 25 ஆண்டு முடிவில் அதன் விலை பழைய இரும்பு விலைதான். ஆக, ஆண்டுதோறும் கிடைக்கும் 14-ல் ஒரு பகுதி உங்கள் முதலே திரும்பி வருவது, மீதிதான் லாபம். இரண்டையும் சேர்த்து "14 சதவீத வருமானம்" என்று சொல்வது, மாடு விற்ற பணத்தைப் பால் விற்ற பணத்தோடு சேர்த்து எண்ணுகிற கதை.

நான் போட்ட கணக்கு இது. முதல் ஆண்டு மிச்சம் 14. உற்பத்தி ஆண்டுக்கு அரை சதவீதம் குறைகிறது. கழுவ, பார்க்க, சின்னச் சின்ன ரிப்பேருக்கு ஆண்டுக்கு 1. பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர், பேனல் அளவுக்கு உழைக்காது, 10 முதல் 15 ஆண்டுதான். எனவே 12-ம் ஆண்டில் புது இன்வெர்ட்டருக்கு 12. கட்டணம் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இப்படிப் பார்த்தால் உண்மையான கூட்டுவட்டி வருமானம் 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மின்கட்டணம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் 14-ஐத் தொடும்.

11 மோசமில்லை, நல்ல வருமானம்தான். ஆனால் அது "ஆண்டுக்கு 14 மிச்சம்" என்ற ஒரே தூணில் நிற்கிறது. முதலில் அந்தத் தூணைத் தட்டிப் பாருங்கள். இதே கணக்கில் போட்ட காசு எடுக்க 12 ஆண்டு ஆகும் என்று வைத்தால் வருமானம் 4 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 7 ஆண்டுக்கும் 12 ஆண்டுக்கும் ஐந்தே ஆண்டு வித்தியாசம் போலத் தெரியும். பணத்தில் அது வேறு உலகம்.

வாடகைக்குடி:
எனக்குச் சொந்தக் கூரையே இல்லை. இருந்தாலும் படிக்கிறேன், சுவாரசியமாக இருக்கிறது.

வயர்மேன்_ஓய்வு:
தம்பி மாடிவெயில், தாளில் போட்ட 20 யூனிட்டை முதலில் சோதியுங்கள். 5 கிலோவாட் என்பது ஆய்வகத்தில் அளந்த எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பேனலின் சூடு 25 டிகிரி, அந்த நிலையில் வருவது 5. கூரையில் வெயில் காயும்போது பேனல் 55, 60 டிகிரிக்குப் போகும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். வெயில் கூடினால் கரண்டும் கூடிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. அதனால்தான் கூரையோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்று போக இடம் விடச் சொல்வோம்.

தூசி, ஒயரில் போகும் இழப்பு, இன்வெர்ட்டரில் போகும் இழப்பு எல்லாம் கழித்து, ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 900 யூனிட் கிடைக்கும் ஊரும் இருக்கிறது, 1,600-க்கு மேல் கிடைக்கும் ஊரும் இருக்கிறது. உங்கள் 20 யூனிட் என்பது கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4, ஆண்டுக்கு 1,460. நல்ல வெயில் ஊரில், நிழலே விழாத கூரையில் இது நடக்கும். வருடம் முழுக்க மேகம் கவிந்த ஊரில் இதைச் சொல்லியிருந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

நிழல்பட்டவன்:
"நிழலே விழாத கூரை" என்று அண்ணன் சொன்ன இடத்தில் என் நெஞ்சு சுருக்கென்றது.

நான் போட்டபோது நிழல் இல்லை. மூன்றாம் ஆண்டில் பக்கத்து வீட்டுக்காரர் மேலே இரண்டு மாடி எழுப்பினார். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் என் பேனலில் ஓரமாக ஒரு நிழல் விழுகிறது. ஓரமாகத்தானே, பத்தில் ஒரு பங்குதானே போகும் என்று நினைத்தேன். மாலை உற்பத்தியே படுத்துவிட்டது. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மொத்த வரிசையையும் இழுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வழக்கு போட முடியாது, அவர் நிலத்தில் அவர் கட்டினார்.

வயர்மேன்_ஓய்வு:
பேனலுக்குள் பைபாஸ் டயோடு இருக்கும், நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்டைக் கடத்திவிடும், அது ஓரளவு காப்பாற்றும். நிழல் வர வாய்ப்புள்ள கூரையென்றால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓடவிடும் மைக்ரோ இன்வெர்ட்டர் அல்லது ஆப்டிமைசர் போடுவது நல்லது. செலவு கூடும், ஆனால் ஒரு பேனல் படுத்தால் மற்றவை படுக்காது. சுற்றிலும் காலி மனையோ ஒரு மாடி வீடோ இருந்தால், நாளைக்கு அங்கே மூன்று மாடி வரும் என்றே நினைத்துத் திட்டம் போடுங்கள்.

சந்தைநோக்கி:
ஒரு மாற்றுக் கருத்து. அந்த 100-ஐப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு மின்கட்டணத்தை வழக்கம்போலக் கட்டினால் என்ன? தேவைப்பட்டால் நாளைக்கே பாதியை எடுக்கலாம். கூரையிலிருந்து பாதிப் பேனலைக் கழற்றி விற்று மருத்துவச் செலவு பார்க்க முடியுமா? வீட்டை விற்கும்போதும் வாங்குபவர் அதற்குத் தனி மதிப்புக் கொடுப்பார் என்று உறுதியில்லை. பழைய மாடல் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. கணக்கன் சொல்லும் 11 சதவீதத்துக்கு நிகராகப் பணம் வளர வேண்டுமானால், மாதாமாதம் மிச்சமாகும் தொகையைத் திரும்ப எங்காவது போட்டு வளர்க்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் செய்வோம்? பில் குறைந்த மாதமே ஏசி ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும். மிச்சம் காற்றோடு போகும்.

கணக்கன்:
@சந்தைநோக்கி, ஏசி விஷயம் உண்மை. என் வீட்டிலும் நடந்தது. மற்றதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, வரி. வட்டிக்கும் பங்கு லாபத்துக்கும் பெரும்பாலான நாடுகளில் வரி உண்டு. கட்டாமல் விட்ட மின்கட்டணம் வருமானமே இல்லை, அதற்கு வரி கிடையாது. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, வரியில்லாத 7 என்பது வரி கட்டும் 10-க்குச் சமம்.

இரண்டு, ஆபத்தின் தன்மை. சந்தை ஓர் ஆண்டில் 30 சதவீதம் விழலாம். சூரியன் அப்படி விழாது. எனவே இதைப் பங்கோடு ஒப்பிடாதீர்கள், கடன் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் என்பது மட்டும் மறுக்க முடியாத குறை. கைக்காசு முழுவதையும் கூரையில் ஏற்றாதீர்கள்.

கடன் வாங்கிப் போடுபவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். கடன் வட்டி உங்கள் உண்மை வருமானத்தை விட அதிகமென்றால் வங்கிக்காகப் பேனல் வைத்திருக்கிறீர்கள். தவணையும் மிச்சமும் சமம் என்று காட்டி விற்பார்கள். தவணை எத்தனை ஆண்டு என்று கேளுங்கள்.

மாடிவெயில்:
நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. கூரையில் நிழல் இல்லை, ஊரும் நல்ல வெயில் ஊர்தான். ஆக 20 யூனிட் சரி. அப்படியென்றால் 14-ம் சரிதானே?

தேன்கூடு:
இல்லை. நான் நாலு ஆண்டாக வைத்திருக்கிறேன், இது நான் அடிபட்டுக் கற்றது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாடிவெயில், பகலில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களா? பேனல் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை உழைக்கும். அப்போது உங்கள் வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜும் வைஃபையும்தான். மீதி மின்சாரம் வெளியே கிரிட்டுக்கு, அதாவது ஊர் மின்வலைக்குப் போகும். இரவில் நீங்கள் வந்து விளக்குப் போட்டு ஏசி போடும்போது வெளியிலிருந்து வாங்குவீர்கள்.

இங்கேதான் மின்சாரம் தருபவரோடு போடும் ஒப்பந்த விதி முக்கியம். கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் அப்படியே கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் இருந்தால் கவலையில்லை, கிரிட்டே உங்கள் பேட்டரி. ஆனால் பல இடங்களில் நீங்கள் கொடுப்பதற்கு ஒரு விலை, வாங்குவதற்கு வேறு விலை. வாங்கும் யூனிட்டின் விலை 10 என்றால் (இது உங்கள் 100 அளவுகோல் இல்லை, தனி) கொடுக்கும் யூனிட்டுக்கு 3 கிடைக்கலாம்.

உங்கள் 20 யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பிரதிநிதி 20-ஐயும் 10-ஆல் பெருக்கி ஒரு நாளைக்கு 200 என்று வைத்துத்தான் ஆண்டுக்கு 14 என்று எழுதியிருப்பார். பகலில் நீங்களே பயன்படுத்துவது 6 யூனிட் என்றால் அதற்கு 60. வெளியே போகும் 14 யூனிட்டுக்கு 3 வீதம் 42. மொத்தம் 102. ஏறத்தாழப் பாதி. ஆண்டுக்கு 14 என்ற உங்கள் மிச்சம் இப்போது 7-தான். ஏழு ஆண்டு பதினாலு ஆண்டாகிவிட்டது. ஒரு பேனல்கூடப் பழுதாகவில்லை, ஒரு நாள்கூட மழை பெய்யவில்லை, ஆனாலும் பாதி போய்விட்டது.

நான் 6 கிலோவாட் போட்டேன். கூரையில் இடம் இருக்கிறது, நிரப்பிவிடலாம் என்றார்கள். என் கூரையை நிரப்பியதில் அவர்களுக்குத்தான் லாபம்.

கணக்கன்:
தேன்கூடு சொன்ன எண்ணை என் தாளில் போட்டேன். ஆண்டுக்கு 7.1 மிச்சமென்றால் வருமானம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். இதற்கு இவ்வளவு பேச்சே வேண்டாம், பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

இன்னொன்று, எந்த யூனிட்டை மிச்சப்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும் படிநிலைக் கட்டணம் இருந்தால், பேனல் முதலில் வெட்டுவது உச்சிப் படியைத்தான். அதிகம் செலவழிப்பவருக்கு நல்ல லாபம். குறைவாகச் செலவழிப்பவர் ஏற்கெனவே மலிவான படியில் இருக்கிறார், அவருக்கு மிச்சம் சொற்பம். மீட்டர் வாடகை, நிலைக் கட்டணம் போன்றவற்றைப் பேனல் தொடவே தொடாது.

விதிபார்ப்பவர்:
விதியே 25 ஆண்டும் நிற்கும் என்று யார் சொன்னது? ஸ்பெயினில் 2015-ல் சொந்த உற்பத்தி மீது கட்டணம் போட்டார்கள், "சூரிய வரி" என்றே மக்கள் பெயர் வைத்தார்கள், 2018-ல்தான் நீக்கினார்கள். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே கொடுக்கும் மின்சாரத்தின் மதிப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு விழுந்தது. முன்பே போட்டவர்களுக்குப் பழைய விதி 20 ஆண்டுக்குத் தொடர்கிறது. நெதர்லாந்தில் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை 2027 ஜனவரி 1-ல் முடிகிறது.

காரணம் இருக்கிறது. எல்லார் கூரையிலும் பேனல் வந்தால் நண்பகலில் எல்லாரும் கொடுப்பார்கள், வாங்க ஆள் இருக்காது. அந்த நேரத்து மின்சாரத்துக்கு விலை விழுவது சந்தை இயல்பு. எனவே வெளியே கொடுத்து வரும் காசை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்தால் வரட்டும். ஒப்பந்தத்தில் "இத்தனை ஆண்டுக்கு இதே விதி" என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியவன்27:
அப்படியென்றால் பேட்டரி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே? கரண்ட் போனாலும் கவலையில்லை.

வயர்மேன்_ஓய்வு:
கரண்ட் போனால் பேனல் ஓடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிரிட்டோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் போன நொடியே தானும் நின்றுவிடும். வெளியே கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உங்கள் வீட்டு மின்சாரத்தில் சாகக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. நல்ல வெயிலில், கூரை நிறையப் பேனலோடு, வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரியும், அதற்கென்று தனியாக நின்று ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அந்த வசதி.

தேன்கூடு:
பேட்டரியின் காசுக் கணக்கு: 5 யூனிட் லித்தியம் பேட்டரி என்று வைப்போம். அதில் 5 எடுக்க வேண்டுமானால் ஐந்தரை போட வேண்டும், பத்தில் ஒரு பங்கு போக வர இழப்பு. இரவில் 5 யூனிட் வாங்காமல் விட்டதில் 50 லாபம், வெளியே கொடுக்காமல் விட்ட ஐந்தரையில் பதினாறரை நஷ்டம். நிகரம் ஒரு நாளைக்கு முப்பத்து மூன்றரை. மாடிவெயிலின் அளவுகோலில் ஆண்டுக்கு 2.3. பேட்டரி விலை 40 என்றால் எடுக்க 17 ஆண்டு. வாரன்டி பெரும்பாலும் 10 ஆண்டு. காசுக்காக என்றால் இந்த எண்களில் ஒத்துவராது. அடிக்கடி மின்தடை உள்ள இடம், டீசல் ஜெனரேட்டருக்குச் செலவழிப்பவர் என்றால் அது வேறு கணக்கு. பேட்டரி விலையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இடத்தை விட்டு வைத்து, பின்னால் சேர்க்கலாம்.

புதியவன்27:
பேனலைத் தயாரிக்கச் செலவாகும் மின்சாரத்தை அது ஆயுளிலும் திருப்பித் தராது என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

வயர்மேன்_ஓய்வு:
மிகப் பழைய கதை. இன்றைய பேனல் ஓரிரு ஆண்டில், மேகமூட்டமான ஊரென்றால் இன்னும் சற்றுக் கூடுதலாக, அதை ஈடுகட்டிவிடும். "நாளைக்கு இன்னும் நல்ல பேனல் வரும், காத்திருக்கலாம்" என்பவர்களுக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கான் செல்லின் திறன் 6 சதவீதம். இன்று கடையில் கிடைப்பது 20-க்கு மேல். தனிச் சிலிக்கானால் எட்டக்கூடிய உச்சவரம்பே 30-க்குக் கீழேதான். தவிரவும், வீட்டில் போடும் செலவில் பேனல் விலை இப்போது ஒரு பகுதிதான். தாங்கி, ஒயர், இன்வெர்ட்டர், ஆள் கூலி, அனுமதி எல்லாம் சேர்ந்ததுதான் பில். பேனல் இன்னும் மலிவானாலும் ஆள் கூலி மலிவாகாது.

கைசுட்டவள்:
வாரன்டி பற்றி யாரும் பேசவில்லை. 25 ஆண்டு என்று பெரிதாகப் போட்டிருப்பது பேனலின் உற்பத்தி வாரன்டி, அதாவது மின் உற்பத்தி சொன்ன அளவுக்குக் கீழே போகாது என்ற உறுதி மட்டும். பொருள் வாரன்டி வேறு, பொருத்திய வேலைக்கான வாரன்டி வேறு. என் கூரையில் தாங்கிக்குத் துளை போட்ட இடத்தில் இரண்டாம் மழைக்கே ஒழுகியது. பொருத்திய நிறுவனத்தைக் கூப்பிட்டால் எண் பயன்பாட்டில் இல்லை. பேனல் தயாரித்தவரிடம் கேட்டால், "பேனல் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கழற்றி, ஒழுக்கை அடைத்து, திரும்ப மாட்ட ஆன செலவு ஓர் ஆண்டு மிச்சத்தை விழுங்கிவிட்டது. கூரைக்கே இன்னும் ஐந்தாறு ஆண்டில் பராமரிப்பு வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

பேனலை வாங்காமல் மாதத் தொகை கட்டும் குத்தகைத் திட்டத்தில் போடுபவர்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மாதத் தொகை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் ஏறும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கட்டணம் அந்த வேகத்தில் ஏறாவிட்டால் பத்தாம் ஆண்டில் கிரிட் மின்சாரமே மலிவாகத் தெரியும். நடுவில் வீட்டை விற்றால், வாங்குபவர் அந்தக் குத்தகையையும் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வாடகைக்குடி:
காசு மட்டும்தானா? புகை குறைகிறதே, அதற்கு மதிப்பில்லையா?

சந்தைநோக்கி:
மதிப்பு உண்டு. அதற்காகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். முதலீடு என்று சொல்லி விற்பதால்தான் கணக்குக் கேட்கிறேன்.

மாடிவெயில்:
பத்து நாள் கழித்து வருகிறேன். சொன்னபடி விதியைக் கேட்டேன். எங்களுக்கு நெட் மீட்டரிங் இல்லை. வெளியே கொடுத்தால் வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரைக் குறித்தேன். நாங்கள் இல்லாத நாளில் மனைவியின் அம்மா படம் எடுத்து அனுப்பினார். பகல் பயன்பாடு சராசரி 5 யூனிட். 20 யூனிட் உற்பத்தியை வைத்து நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

2 கிலோவாட்டுக்கு விலை கேட்டேன். 40 வரும் என்று பார்த்தால் 48 சொல்கிறார்கள், கூலியும் அனுமதியும் சிறிதுக்கும் பெரிதுக்கும் ஒன்றேயாம். 8 யூனிட் உற்பத்தி, 5 எனக்கு, 3 வெளியே. போட்ட காசு எடுக்க பதினொன்றரை ஆண்டு. வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார் மூன்றையும் டைமர் வைத்து நண்பகலுக்கு மாற்றினால் 8-ல் 7-ஐ நாங்களே பயன்படுத்தலாம். அப்போது 9 ஆண்டுக்குச் சற்று மேல். கணக்கன், உங்கள் தாளில் இது என்ன வருகிறது?

கணக்கன்:
7 சதவீதத்தை ஒட்டி வருகிறது, கட்டணம் ஏறாமல். வரியும் இல்லை. என் காசென்றால் போடுவேன்.

சந்தைநோக்கி:
என் காசென்றால் போட மாட்டேன். ஆனால் இது நாலு பேர் உட்கார்ந்து பேசக்கூடிய எண். முதலில் வந்த 14 அப்படியில்லை.

மாடிவெயில்:
மனைவியிடம் காட்டினேன். டைமர் மூன்றையும் இப்போதே வாங்கி, பேனல் போடுவதற்கு முன்பே இரண்டு மாதம் அப்படி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறாள். நண்பகலில் மெஷின் ஓடினால் ஈரத்துணியை யார் எடுத்துக் காயப்போடுவது என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் விவாதம். வயர்மேன் அண்ணா, வாட்டர் ஹீட்டருக்கு எத்தனை ஆம்பியர் டைமர் வாங்க வேண்டும்?

வயர்மேன்_ஓய்வு:
ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட்டை உங்கள் வீட்டு வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், வருவதுதான் ஆம்பியர். டைமர் அதற்கு ஒரு படி மேலே இருக்கட்டும். பிளக்கில் செருகும் சின்ன டைமர் ஹீட்டருக்கு வேண்டாம், சூடேறி உருகிவிடும். போர்டில் மாட்டும் வகையை வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். வாங்கியதும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.